எட்டாவது மூன்று

ஏழு இருந்தது போலத்தான் கமலவேணிக்குத் தெரிந்தது. ஆனால் நடந்துகொண்டே, அதுவும் தலைகீழாகக் கிடக்கிற தாளில், நடுவில் ஒரு காற்புள்ளிகூட இல்லாமல் ஒட்டி ஒட்டி அச்சாகியிருக்கிற மூன்றுகளை எண்ணுவது கொசுவை எண்ணுவது மாதிரி. நான்காவதைத் தாண்டியதும் கண் நழுவுகிறது. நழுவின இடம் நான்காவதா ஐந்தாவதா என்று யோசிப்பதற்குள் பெஞ்சைக் கடந்தாகிவிட்டது. நின்று பார்க்கலாம். நிற்கக் கூடாது. பதினான்காம் நம்பர் ஹாலில் இருபத்தொரு பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் அரியர், இருபது பேர் காமர்ஸ், ஒருத்தி மட்டும் கணிதம். கணித ஆசிரியையைக் கணிதப் பரீட்சைக்குக் கண்காணிப்பாளராகப் போடக் கூடாது. காலையில் வரலாற்றுத் துறைக்காரருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததும், தலைமைக் கண்காணிப்பாளர் ஆரோக்கியசாமி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "மூணே மூணு மேத்ஸ் பிள்ளைங்கதான் மேடம். ஃபேனுக்கு அடியில உக்காந்து பொழுதப் போக்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க." அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அரை மணி நேரம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள், மணி அடிப்பதற்காகவே காத்திருந்த மாதிரி. மிச்சம் இருப்பது சுகிர்தா. ஜன்னலோர வரிசையில் நான்காவது பெஞ்ச். மிச்சமிருந்த வினாத்தாள்களை ஆரோக்கியசாமியே வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி அந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டுமென்றால் சுகிர்தாவின் மேஜையில்தான் பார்க்க வேண்டும். தாளை விநியோகிக்கும்போதே பார்த்திருக்கலாம். பார்த்தாள்தான். தன்னுடைய கேள்வி என்று தெரிந்ததும், தெருவில் எதிரே வருகிறவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தும் தெரியாதது போலப் போவோமே, அப்படிக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

தன்னுடைய கேள்வி. அதை யாரிடமும் சொல்லக் கூடாது. வினாத்தாள் எடுப்பவர் யார் என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது, அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆறு வருடமாக எடுக்கிறாள். ஒரு தடவைகூட ஒரு புள்ளி மாறியதில்லை. இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்த கேள்வி, வகுப்பில் ஒரு மணி நேரம் முழுக்க அதை வைத்தே ஓட்டுவாள். கரும்பலகையில் முப்பத்தொன்று என்று எழுதுவாள். பகா எண்ணா? பகா எண், மேம். முன்னூற்று முப்பத்தொன்று? பகா எண். மூவாயிரத்து முன்னூற்று முப்பத்தொன்று? கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் பகா எண். ஒவ்வொரு வரியிலும் முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்துக்கொண்டே போவாள், அதுவும் எதனாலும் வகுபடாது, அதற்கடுத்ததும் வகுபடாது, ஏழு மூன்றுகள் வரைக்கும். ஏழு வரி ஆனதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், எப்பவுமே பகா எண்தான் மேம், எத்தனை மூணு போட்டாலும், என்று சொல்லும். சொல்லவிட்டு அடுத்த மூன்றைப் போடுவாள். முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முன்னூற்று முப்பத்தொன்று. முப்பத்து முக்கோடித் தேவர்களும் வந்தாச்சு, இப்ப பதினேழால வகுத்துப் பாருங்க என்பாள். மீதியில்லாமல் போகும். பெண்கள் நோட்டுப் புத்தகத்தை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள், ஏதோ பொய் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி. அந்த முகங்களுக்காகத்தான் வருடா வருடம் அதை நடத்தினாள். ஏழு தடவை உண்மையாக இருந்தது எட்டாவது தடவையும் உண்மையாக இருக்கும் என்று நினைக்காதே. அதைத்தான் கேள்வியாக எழுதினாள். இந்த எண் பகா எண் அல்ல என்று நிறுவுக, பத்து மதிப்பெண். எட்டு மூன்று இருந்தால் ஒரே ஒரு வகுத்தல், இரண்டு நிமிடம், பத்து மதிப்பெண். ஏழு இருந்தால் அது பகா எண், பகா எண்ணைப் பகா எண் அல்ல என்று நிறுவச் சொல்லியிருக்கிறது. ஏழு இருந்தால் மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சம். வாய்விட்டுப் படித்திருந்தால் எழுதும்போதே காது கண்டுபிடித்திருக்கும். மூன்று கோடி வேறு, முப்பத்து மூன்று கோடி வேறு. ஆனால் அவள் அதை வாய்விட்டுப் படித்திருக்க முடியாது, ஏனென்றால் எழுதியது ஆஸ்பத்திரி வராண்டாவில்.

மார்ச் மாதம், மதுரையில். கணவர் ராஜமாணிக்கத்தை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், நெஞ்சில் அடைப்பு, கை வழியாகவே கம்பி விட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். தாள் அனுப்பக் கடைசி நாள் மறுநாள். பிளாஸ்டிக் நாற்காலியில் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள், இரண்டு பிரதி, இரண்டும் கையால் எழுத வேண்டும், நகல் எடுக்கக் கூடாது. எதிர் நாற்காலியில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டார், அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். இட்லி ஞாபகம் இருக்கிறது, மூன்று ஞாபகம் இல்லை. நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "ராஜமாணிக்கம் கூட வந்தது யாரு?" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. பேனாவை மூடாமலே எழுந்து ஓடினாள். அப்போது எந்தக் கேள்வியில் இருந்தாள்? எண்ணுக்கு நடுவில் எழுந்தாளா? எண்ணை முடித்துவிட்டு, முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்தாளா? திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள் என்றால் விட்ட இடம் எது? ஒரு பிரதியில் எட்டும் இன்னொரு பிரதியில் ஏழுமாக எழுதியிருக்கலாம், அவர்கள் ஏழு இருந்ததை எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். அல்லது இரண்டிலும் எட்டு எழுதி, அச்சில் ஒன்று விழுந்திருக்கலாம். விரல் ஒரு தடவை குறைவாகத் தட்டினால் போதும், தட்டினவருக்கே தெரியாது. எப்படி என்று இனிமேல் பார்க்க முடியாது. எழுதிப் பார்த்த தாளை எரித்துவிட வேண்டும் என்பது விதி, வீட்டுக்கு வந்ததும் கேஸ் அடுப்பில் பிடித்து எரித்துச் சாம்பலைத் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாள். அன்று முதல் எண்ணிக்கை என்றாலே ஒரு சந்தேகம். குக்கர் மூன்றாவது விசிலா நான்காவதா என்று அடுப்பங்கரையில் நின்றுகொண்டு ராஜமாணிக்கத்தைக் கேட்கிறாள். அவர் ஹாலில் இருந்து, "எம்எஸ்சி மேக்ஸ், விசில எண்ண ஆள் வேணும்," என்கிறார். சிரிக்கத்தான் சொல்கிறார். சிரிக்கவும் சிரிக்கிறாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நான்குதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், திறந்து பார்த்தால் பருப்பு வேகாமல் கிடக்கிறது.

"மேம், அடிஷனல் ஷீட்."

சுகிர்தாதான் கேட்டது. கமலவேணி தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கையெழுத்திட்டு எடுத்துப் போனாள். இது மூன்றாவது தாளா? எண்ணவில்லை. பதிவேட்டில் இருக்கும். மேஜையில் தாளை வைக்கும்போது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பக்கம் முழுக்க வகுத்தல். ஒரே வகுத்தல், மறுபடி மறுபடி, ஏணி ஏணியாக இறங்கி, ஒவ்வொன்றும் அடியில் போய் ஒரு மூன்றில் முடிந்திருந்தது. அந்த மூன்றைச் சுற்றி வட்டம். ஒன்றில் வட்டம் போட்டுப் போட்டுத் தாள் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. மீதி மூன்று. சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி தப்பு என்கிற எண்ணமே இல்லை. நான்தான் தப்பு, எங்கே என்றுதான் தெரியவில்லை, என்று இருந்தது. கமலவேணி நகர்ந்துவிட்டாள். மீதி மூன்று. மனதிலேயே வகுத்துப் பார்க்கலாம், கண்காணிப்பாளர் எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்து மூன்றில் பதினேழு ஒரு தடவை, மீதி பதினாறு. அடுத்த மூன்றை இறக்கினால் நூற்று அறுபத்து மூன்று, ஒன்பது தடவை, மீதி பத்து. நூற்று மூன்று, ஆறு தடவை, மீதி ஒன்று. பதின்மூன்று, போகாது, பூஜ்யம். நூற்று முப்பத்து மூன்று, ஏழு தடவை நூற்றுப் பத்தொன்பது, மீதி பதினான்கு. நூற்று நாற்பத்து மூன்று, எட்டு தடவை நூற்று முப்பத்தாறு, மீதி ஏழு. இதுவரை எத்தனை மூன்று இறங்கியிருக்கிறது? முதலில் இரண்டு சேர்ந்து வந்தது, பிறகு ஒன்று, ஒன்று, பதின்மூன்றில் ஒன்று, அதை எண்ணினோமா? சேலைத் தலைப்புக்குள் கையை வைத்து விரலை மடக்கினாள். மறுபடி முதலிலிருந்து. மீதி ஏழில் மறுபடி வந்து நின்றாள். இங்கே ஏழு விரல் மடங்கியிருந்தது. இங்கேதான் இரண்டு பாதை. இன்னொரு மூன்று இருந்தால் எழுபத்து மூன்று, மீதி ஐந்து, கடைசி ஒன்றை இறக்கினால் ஐம்பத்தொன்று, மூன்று பதினேழு ஐம்பத்தொன்று, தீர்ந்தது. இன்னொரு மூன்று இல்லையென்றால் அந்த ஒன்று இங்கேயே இறங்கிவிடும், எழுபத்தொன்று, நான்கு தடவை அறுபத்தெட்டு, மீதி மூன்று. மீதி மூன்று. அச்சில் எண்ண வேண்டியதே இல்லை. சுகிர்தா போட்ட அந்த வட்டமே சொல்கிறது.

சொல்கிறதா? அவள் முதல் தடவை வினாத்தாளிலிருந்து எழுதும்போது ஒரு மூன்றை விட்டிருந்தால்? அடுத்தடுத்த தடவைகளில் தன் எழுத்தையே பார்த்து எழுதியிருந்தால்? அப்போதும் மீதி மூன்றுதான் வரும். தப்பு அவளுடையதாகவும் இருக்கலாம். இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் அதை அமுக்கினாள், அமுக்கின இடத்தில் அது அப்படியே கிடந்தது. காலையில் கேட்டில் நின்று, "மேம், எனக்கு இதுதான் கடைசி சான்ஸ்," என்றாள் சுகிர்தா. படிப்பு முடித்து ஐந்து வருடம். இந்த ஒரு தாள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, போன தடவை நான்கு மதிப்பெண்ணில் போனது. இந்த முறையும் போனால் விதிப்படி மறுபடி எழுத முடியாது, மூன்று வருடப் படிப்பும் இல்லையென்று ஆகிவிடும். தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், ஜூனில் பட்டச் சான்றிதழ் கொண்டுவந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். "எண்ணியல்தான மேம், உங்க நோட்ஸ் அப்படியே வச்சிருக்கேன், அத மட்டும்தான் படிச்சேன்." அந்த நோட்ஸை நம்பித்தான் அந்தக் கேள்வியை எடுத்திருக்கிறாள். ஐந்தில் மூன்று எழுதினால் போதும், வேறு எதையாவது எடுத்திருக்கலாம், ஆனால் தெரிந்த முகம் என்று நம்பி இதனிடம் போயிருக்கிறாள். இப்போது இரண்டு மணி நேரமாகப் பதினேழு. பதினேழு ஒத்து வராமல் பத்தொன்பது, இருபத்து மூன்று என்று போக ஆரம்பித்தால்? இந்த எண் பகா எண் என்று கையால் தெரிந்துகொள்ள எழுநூற்றைம்பதுக்கும் மேலான பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் மீதி வைக்கும். எந்த இடத்திலும், போதும் நிறுத்து, என்று சொல்லாது. இல்லை என்று காட்ட ஒரே ஒரு எண் போதும். உண்டு என்று காட்டத்தான் வழி நெடுகிலும் நடக்க வேண்டும், நடந்து முடித்தாலும் அங்கே மதிப்பெண் இல்லை.

காமர்ஸ்காரர் ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்வழுக்கை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேம், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கே தெரியும். நீங்களும் பக்கத்துல நின்னு பாக்காதீங்க, கூச்சமா இருக்கு," என்றார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் பக்கத்தில் எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று தெரியவில்லை. விரல்கள் இன்னும் மடங்கியிருந்தன. "எழுதுங்க, எழுதுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஆரோக்கியசாமியிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று? கேள்வி தப்பு என்றா? உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். கணித ஆசிரியை, தெரியும். நீங்கள் அந்த ஹாலில் இருக்கவே கூடாதே, அந்தப் பெண்ணின் கேள்வியை ஏன் பார்த்தீர்கள்? பறக்கும் படை வேறு மதியம் வரும் என்கிறார்கள். சொந்தப் பாடத்தில், சொந்த மாணவியின் மேஜைக்கு மேலே குனிந்து நிற்கிற ஆசிரியை. மாட்டுவது இவள் இல்லை, சுகிர்தா. தாளைப் பிடுங்கி மேலே சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். அதனால் பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. இந்த நியாயம் சரியாகத்தான் இருந்தது. வரிக்கு வரி சரியாக இருந்தது. முதல் வரி சரி, இரண்டாவது சரி, மூன்றாவது சரி. திருத்தும்போது கண்டுபிடிப்பார்கள், எல்லாருக்கும் பத்து மதிப்பெண் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிப்பார்களா? விடைக்குறிப்பும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள், பதினேழால் வகுபடும் என்று. திருத்துகிறவர் நானூறு தாள் திருத்துகிறவர். பதினேழு இருக்கிறதா, மீதி பூஜ்யமா, டிக். மீதி மூன்று என்றால் வகுக்கத் தெரியவில்லை, பூஜ்யம். ஒருவேளை மற்ற கல்லூரிகளில் எல்லாரும் மீதி பூஜ்யம் என்று சும்மா எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், விடை தெரிந்த பிள்ளைகள், அவர்களுக்குப் பத்து. உண்மையாக வகுத்துப் பார்த்தவளுக்கு ஒன்றுமில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி நான்காவது பெஞ்சுக்கு வந்திருந்தது. சுகிர்தா இடது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் புதிய தாளில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று, மூன்று, மூன்று. இந்தத் தடவை வினாத்தாளைப் பார்த்து, ஒவ்வொரு மூன்றாக, பேனா முனையால் அங்கே தொட்டு, இங்கே எழுதி, அங்கே தொட்டு, இங்கே எழுதி. கமலவேணி பின்னால் வந்து நின்று அந்தப் பேனா முனையோடு சேர்ந்து எண்ணினாள். நான்கு. ஐந்து. இந்தத் தடவை நழுவவில்லை. ஏழாவதுக்குப் பிறகு பேனா கடைசி ஒன்றைத் தொட்டது.

எப்படியும் ஒரு குரல் வர வேண்டியிருந்தது, வந்தது. தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"அத விட்டுடு சுகிர்தா. அடுத்ததுக்குப் போ."

"இல்ல மேம், வந்துரும். எங்கயோ ஒரு எடத்துல தப்பு விடறேன்."

"வராது."

"பதினேழால போகும்னு கிளாஸ்ல நீங்கதான மேம் சொன்னீங்க." குரலில் கெஞ்சலும் கோபமும் கலந்திருந்தது, யாரோ பிடுங்க வருகிற மாதிரி தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எட்டு மூணு இருந்தாத்தான் போகும். இதுல ஏழுதான் இருக்கு. கேள்வி தப்பு."

ஹாலில் பேனாக்கள் நின்றன. சுகிர்தா வினாத்தாளைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினாள், உதடு அசைந்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.

"யாரு மேம் தப்பாப் போட்டது?"

அச்சுக்காரர் என்று சொல்லலாம், அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். தெரியாது என்று சொல்லலாம், அதுதான் உண்மை. வராண்டா, இட்லி, பாதி திறந்த கதவு, மூடாத பேனா, அங்கே போய் நின்று எட்டிப் பார்த்தால் இப்போதும் அந்தத் தாள் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

"நான்தான்," என்றாள் கமலவேணி. "இந்தப் பேப்பர் நான் எடுத்தது."

முன்வழுக்கைக்காரர், "அப்ப எங்க பேப்பர்லயும் தப்பு இருக்கும் மேம், நல்லா பாருங்க," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு தானாக நின்றது. வாசலில் பெல் அடிக்கிற முனியசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "சீஃப் சாரை வரச் சொல்லுங்கண்ணே," என்றாள். "அவசரம்னு சொல்லுங்க." அவர் ஒரு முறை எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனார், வராண்டாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து தூரத்துக்குப் போயிற்று. வருகிறவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதுக்குப் போனால் முதலாவது இருந்த இடம் காலியாக இருந்தது. சுகிர்தா ஏதாவது சொல்வாள் என்று நின்றாள். திட்டலாம், அழலாம், இரண்டு மணி நேரம் போச்சே மேம் என்று கேட்கலாம்.

"டைம் எவ்வளவு மேம் இருக்கு?"

"முப்பத்தெட்டு நிமிஷம்."

சுகிர்தா பக்கத்தைத் திருப்பினாள். ஓரத்தில் அடுத்த கேள்வியின் எண்ணை எழுதி அடிக்கோடிட்டு வேகமாக எழுத ஆரம்பித்தாள், எழுத்துகள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு ஓடின. ஒரு வரி ஆயிற்று, இரண்டு வரி ஆயிற்று. கமலவேணி ஜன்னல் பக்கமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மேம்," என்றாள் சுகிர்தா, நிமிராமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நெழல் விழுது."